கோம்பையிலிருந்து இலங்கை: கம்பம் பள்ளத்தாக்கின் தீவுப் பயண வரலாறு

கோம்பை தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர். கடலுக்கும் இவ்வூருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் கோம்பையைச் சுற்றியுள்ள கம்பம் பள்ளத்தாக்கு, பழங்கதையாலும் வழிபாட்டாலும் காட்டு உயிர்களாலும் இலங்கைத் தீவோடு பல நூற்றாண்டுகளாகப் பிணைக்கப்பட்டுள்ளது. இப்பகுதியிலிருந்து இலங்கைக்குச் செல்லும் வழி ஒரு காலத்தில் பேருந்தும் ரயிலும் கப்பலுமாக ஒரே தொடர்ச்சியாக இருந்தது; பின்னர் அறுந்தது; இப்போது துண்டு துண்டாக மீண்டும் திறக்கப்படுகிறது.

இராமக்கல்

கோம்பைக்கு மேற்கே மலை விளிம்பில் செங்குத்தாக நிற்கும் பாறைமேடு இராமக்கல்மெட்டு. இது இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. சீதையைத் தேடி வந்த இராமன் கால் வைத்த கல் என்பது செவிவழிக் கதை. மேட்டின் மேல் நின்றால் கோம்பை, தேவாரம், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அங்கிருந்து கடல் தெரியாது, இலங்கையும் தெரியாது. இராமன் தேடி நின்ற இடம் என்ற கதைக்கு இந்தப் பரந்த பார்வையே காரணமாக இருந்திருக்கலாம்.

இதே கதையின் மறுமுனை இலங்கையில் சுற்றுலாவாக வளர்ந்துள்ளது. நுவரெலியாவுக்கு அருகே சீதா எலியவில் உள்ள சீதையம்மன் கோயில், எல்ல பகுதியிலுள்ள இராவணன் அருவி ஆகியவை இந்தியப் பயணிகளுக்கான இராமாயணத் தடத்தில் இன்று கட்டாயம் இடம்பெறுகின்றன. இவ்விடங்களை வால்மீகியின் இலங்கையோடு பொருத்துவதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. கம்பம் பள்ளத்தாக்கையும் தீவையும் இணைக்கும் வலுவான பழம்பதிவு இராமாயணத்தில் இல்லை, சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

கண்ணகியும் கயவாகுவும்

மதுரையை எரித்த கண்ணகி, வையை ஆற்றின் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, ஒரு மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்று, பதினான்காம் நாள் கோவலனோடு விண்ணுலகு சென்றாள் என்கிறது சிலப்பதிகாரம். வையையை எதிர்த்து மேற்கே சென்றால் வருவது கம்பம் பள்ளத்தாக்கு. இந்தப் பாதையைப் பின்பற்றித் தேடிய பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறை மலையில் சிதைந்து கிடந்த மங்கலதேவி கோயிலே சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டம் என்று 1963-ல் அறிவித்தார். இதற்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. கொடுங்கல்லூர் பகவதி கோயிலே கண்ணகிக்கு உரியது என்போர் பலர். ஆனால் பள்ளத்தாக்கு மக்களுக்கு இக்கோயில் ஆய்வுக் கருதுகோள் அல்ல. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியன்று பளியங்குடியிலிருந்து காட்டுவழியே நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மலையேறுகின்றனர்.

வனத்துறைக் கட்டுப்பாடு காரணமாகப் பொதுமக்களுக்கு ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே அனுமதி. கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய காட்டில் உள்ளது. அது தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ளதா, கேரள எல்லைக்குள் உள்ளதா என்பதில் இரு மாநிலங்களுக்கும் நீண்டகாலக் கருத்து வேறுபாடு உண்டு. திருவிழா ஏற்பாடுகளைத் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடிப் பேசி முடிவு செய்கின்றன. மாலைக்குள் அனைவரும் இறங்கிவிட வேண்டும்.

இலங்கைத் தொடர்பு, கோட்டம் எடுத்த விழாவில் வருகிறது. செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை நிறுவியபோது அங்கு வந்திருந்த அரசர்களுள் இலங்கை மன்னன் கயவாகுவும் ஒருவன் என்று வரந்தரு காதை கூறுகிறது. தம் நாட்டிலும் வந்து அருள வேண்டும் என்று அவர்கள் வேண்ட, அவ்வாறே ஆகுக என்று குரல் எழுந்ததாம். நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை, கயவாகு தன் நாட்டில் கண்ணகிக்குப் பலிபீடத்தோடு கோட்டம் அமைத்து, ஆடி மாதத்தில் விழா எடுத்தான் என்றும், அதனால் மழை பெய்து நாடு செழித்தது என்றும் சொல்கிறது.

இந்தக் கயவாகுவைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் கஜபாகுவாகக் கொண்டு, சங்க காலத்துக்கே ஆண்டு கணித்தனர் தமிழறிஞர். வி. கனகசபையின் நூல் 1904-ல் வெளிவந்த பிறகு இம்முறை பரவலாக ஏற்கப்பட்டது. சிக்கல் என்னவென்றால், இலங்கையின் மகாவம்சம் கஜபாகுவைக் குறிப்பிட்டாலும், அவன் தமிழகம் வந்ததாகவோ கண்ணகி வழிபாட்டைக் கொண்டு சென்றதாகவோ கூறவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட ராஜாவலிய போன்ற சிங்கள நூல்களில்தான், கஜபாகு சோழநாடு சென்று சிறைப்பட்ட 12,000 பேரை மீட்டு, பத்தினியின் சிலம்பையும் புத்தரின் திருவோட்டையும் கொண்டுவந்த கதை வருகிறது. இலங்கை மானிடவியலர் கணநாத் ஒபேசேகர, 1984-ல் வெளியான தம் பத்தினி வழிபாட்டு ஆய்வில், இது வரலாறு அல்ல, தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் இருப்பை விளக்க எழுந்த தொன்மம் என்று வாதிட்டார். கஜபாகுவை வைத்துத் துல்லியமான ஆண்டு கணிப்பது அதன்பின் எளிதாக இல்லை. ஆயினும் தமிழ்க் காப்பியமும் சிங்களக் கதையும் ஒரே மன்னனையும் ஒரே தெய்வத்தையும் இணைத்துப் பேசுவதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாது. மக்கள் இரு திசையிலும் கடல் தாண்டிக்கொண்டிருந்தனர் என்பதை அது காட்டுகிறது.

தீவில் பத்தினி

கண்டியில் ஆண்டுதோறும் நடக்கும் எசல பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். நாத, விஷ்ணு, கதிர்காமத் தெய்வங்களுக்குப் பின் கடைசியாக வருவது பத்தினி. எசல மாதம் ஏறத்தாழத் தமிழ் ஆடி மாதம். உரைபெறு கட்டுரை சொல்லும் ஆடி விழாவோடு இதை ஒப்பிடாத ஆய்வாளர் குறைவு. முதலில் தெய்வங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த இவ்வூர்வலத்தின் முன்னணியில் புத்தரின் புனிதப் பல்லைச் சேர்த்தவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். 1747 முதல் 1782 வரை ஆண்ட அவன், மதுரையிலிருந்து சென்ற நாயக்கர் குடும்பத்தைச் சேர்ந்தவன். கண்டியின் கடைசி நான்கு மன்னர்களும் இவ்வழியினரே. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆங்கிலேயரால் சிறைபிடிக்கப்பட்டு வேலூர்க் கோட்டையில் 1832-ல் இறந்தான்.

தமிழர் பகுதிகளில் கண்ணகி வழிபாட்டின் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் 19-ஆம் நூற்றாண்டுச் சைவச் சீர்திருத்தம், கண்ணகியைச் சமணச் செட்டிப் பெண் என்று ஒதுக்கியது. ஆறுமுக நாவலரின் கண்டனம் இதில் முக்கியமானது. பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி கோயில்களாகப் பெயர் மாறின. கிழக்கே மட்டக்களப்பிலும் வன்னியிலும் அந்த அலை அவ்வளவு வலுவாகச் செல்லவில்லை. மட்டக்களப்புப் பகுதியில் வைகாசி மாதக் குளிர்த்திச் சடங்கும், கண்ணகி வழக்குரை பாடுதலும், இரு கட்சியாகப் பிரிந்து ஆடும் கொம்புமுறி விளையாட்டும் தொடர்ந்தன. இதே கொம்பு விளையாட்டு சிங்களரிடம் அங்கெலிய என்ற பெயரில் பத்தினிக்கு உரியதாக உள்ளது.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் நந்திக்கடல் ஏரியின் கரையில் உள்ளது. வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன் கடலிலிருந்து நீர் முகந்து வந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றுவது இங்குள்ள வழக்கம். கோயிலுக்கு முன் விரியும் அதே நந்திக்கடல்தான் 2009 மே மாதத்தில் இலங்கை உள்நாட்டுப் போரின் கடைசி நாட்களைக் கண்டது. போர் முடிந்தபின் வற்றாப்பளைக்கு வரும் வெளிநாட்டுப் பயணி, ஒரே கரையில் பொங்கல் விழாவையும் நினைவேந்தல் இடங்களையும் பார்க்கிறார். சுற்றுலா விளம்பரங்களில் இக்கரை அபூர்வமாகவே இடம்பெறுகிறது.

போட் மெயில்

பாடல் பெற்ற தலங்களுள் இரண்டு இலங்கையில் உள்ளன: திருக்கேதீச்சரம், திருக்கோணமலை. சம்பந்தரும் சுந்தரரும் இவற்றைப் பாடினாலும், இராமேசுவரத்தில் நின்றபடியே பாடினார்கள் என்பது மரபு. இடைப்பட்ட கடல் ஆழமில்லாதது, ஆனால் மணல்திட்டுகளும் நீரோட்டமும் நிறைந்தது. பெரிய கப்பல் செல்ல இயலாத இக்கடலில் எளிய பயணம் சாத்தியமானது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் பாதை வந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் செல்லும்போது இரு கைகளைப் போல உயரும் நடுப்பகுதி கொண்ட அந்தப் பாலத்தைக் கடந்து ரயில் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கே கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் காத்திருந்தன. சுமார் 22 மைல் கடலைத் தாண்டித் தலைமன்னார் இறங்குதுறையில் இறங்கினால், கொழும்பு கோட்டை நிலையத்துக்கு ரயில் நிற்கும். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை செல்லலாம். மக்கள் இதைப் போட் மெயில் என்றனர். அதற்கு முன் தூத்துக்குடி சென்று கொழும்புக்குக் கப்பல் ஏறுவதே வழக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கு இந்த வலையில் சேர்ந்தது 1928-ல், மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டபோது. கோம்பைக்காரர் ஒருவர் போடியிலோ தேனியிலோ ரயிலேறி, மதுரையில் மாறி, மானாமதுரை வழியே தனுஷ்கோடி சேரலாம். மலையிலிருந்து ஏலக்காய் மதுரைக்குப் போகவே அந்தப் பாதை முதன்மையாகப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, 1950-களில்தான் மீண்டும் போடப்பட்டன.

போட் மெயிலில் கோயிலும் கடற்கரையும் காணச் சென்றவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கப்பல்களின் பெரும்பாலான இருக்கைகளை நிரப்பியவர்கள் அவர்கள் அல்லர். இலங்கை மலைநாட்டில் 1820-களில் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்கும், 1869-ல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின் வந்த தேயிலைக்கும், ஆள் தேவைப்பட்டது. திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். ரயில் இல்லாத காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்களில் பலர் காலராவிலும் காய்ச்சலிலும் இறந்தனர். இன்று பயணிகள் சிறுத்தை பார்க்கச் செல்லும் வடமேற்குக் காடுகளின் ஓரம் அந்த வழி. மண்டபம் முகாமில் தொற்றுநோய்த் தடுப்புக்காக நாள்கணக்கில் காத்திருந்த பிறகே பின்வந்தவர்கள் கப்பலேற முடிந்தது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இதில் ஒரு தனிநிலை உண்டு. 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டுப் பாசனம் பெருகியது. ஏலக்காய்த் தோட்டங்கள் மலைமேலேயே இருந்தன. கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏறி வேலைக்குச் சென்று திரும்பும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. தோட்ட வேலைக்குக் கடல் தாண்ட வேண்டிய நெருக்கடி, வறண்ட இராமநாதபுரத்துக்கு இருந்த அளவு இங்கு இருந்திருக்காது என்று கருதலாம்.

அறுந்த வழி

வழி முதலில் சட்டத்தால் குறுகியது. 1948-ல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கியது. அதே ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பின் அக்கரைக்குப் போக ஆவணங்கள் தேவையாயின. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிக்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வது 1974-ல் முடிவானது. மூன்று தலைமுறைக்கு முன் ஆட்களை ஏற்றிச் சென்ற அதே கடல்வழி அவர்களின் பேரப்பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்தது. பலர் பார்த்தே இராத ஊருக்குத் "திரும்பினர்".

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில், நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலில் மூழ்கியது. பாம்பன் பாலம் சில மாதங்களில் சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடிக்கு ரயில் மீண்டும் செல்லவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் போர் மூண்டதும் அதுவும் நின்றது. அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இக்கடலைத் தாண்டியோர் பெரும்பாலும் ஒரு திசையில் வந்த அகதிகளே.

காடும் கடற்கரையும்

இலங்கையின் காட்டுயிரைக் காணச் செல்லும் கம்பம் பள்ளத்தாக்குக்காரருக்கு அங்கே அந்நியமானவை குறைவு. உயிரியலாளர் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே பல்லுயிர் வளப் பகுதியாகக் கணக்கிடுகின்றனர். பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது பாக் நீரிணை நிலமாக இருந்தது. யானையும் கரடியும் மிளாவும் நடந்தே சென்றன. சாம்பல் நிறப் பெரிய அணில் உலகில் இரண்டே இடங்களில் வாழ்கிறது: இலங்கையும் தென்னிந்தியாவின் சில காடுகளும். அதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் அமைந்தது. 2021-ல் அது தேனி மாவட்டத்து மேகமலையோடு இணைக்கப்பட்டுப் புலிகள் காப்பகமானது.

புலி மட்டும் இலங்கையில் இல்லை. ஆகவே அங்கே காட்டின் உச்ச வேட்டை விலங்கு சிறுத்தை. போட்டியாகப் புலி இல்லாததால், பகல் வெளிச்சத்திலும் திறந்த இடத்தில் அதைக் காண்பது எளிது. யால தேசியப் பூங்காவின் புகழுக்கு இதுவே காரணம். யாலவும் வில்பத்துவும் 1938-ல் தேசியப் பூங்காக்கள் ஆயின. வில்பத்துவின் அழகு அதன் வில்லுகளில், அதாவது மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்களில் இருக்கிறது. போர்க்காலத்தில் அது நீண்டகாலம் மூடப்பட்டிருந்தது. திருக்கேதீச்சரத்துக்கு அருகே வங்காலைச் சரணாலயத்தில் குளிர்காலத்தில் பூநாரைகள் கூடும். போர்த்துகீசியரால் இடிக்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டில் மீண்ட திருக்கேதீச்சரம், இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லில் புதுப்பிக்கப்பட்டு 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது.

கடற்கரை, கோயில், காடு மூன்றையும் ஒரே நடையில் காட்டும் பயணம் ஒன்று உண்டு. அது கதிர்காமப் பாத யாத்திரை. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் தொடங்கி, வற்றாப்பளை, திருகோணமலை, மட்டக்களப்பு எனக் கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து, உகந்தை முருகன் கோயிலை அடைகின்றனர். அதற்கப்பால் ஊர் இல்லை. குமண, யால காடுகளை யானைத் தடங்களின் ஊடாகப் பல நாள் கடக்க வேண்டும். குடிநீர் கிடைக்கும் இடங்களே தங்குமிடங்கள். வனத்துறை குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வழியைத் திறக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று வண்ணாத்திப்பாறையில் நடப்பது போன்ற ஏற்பாடுதான் இது. போர் இந்த யாத்திரையையும் தடுத்தது. பின்னர் அது மீண்டும் தொடங்கியது. கதிர்காமத்தில் சேவிப்போரில் தமிழரும் சிங்களரும் வேடரும் முஸ்லிம்களும் உள்ளனர்.

கடற்கரைகளைப் பொறுத்தவரை பருவக்காற்றே காலண்டர். தென்மேற்கின் உனவட்டுன, மிரிஸ்ஸ கரைகள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதியாக இருக்கும். கிழக்கின் நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பைக் கரைகள் மே முதல் செப்டம்பர் வரை ஏற்றவை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை செல்வோருக்கு நிலாவெளிக் கடலும் அப்போது வாய்க்கும். நிலாவெளிக்கு எதிரே பவளப்பாறை சூழ்ந்த புறாத்தீவு 2003-ல் தேசியப் பூங்காவானது. மறு ஆண்டு டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கிழக்குக் கரையைத் தாக்கியது. இலங்கையில் மட்டும் 30,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இன்றைய வழிகள்

போருக்குப் பின் கப்பலை மீட்கும் முயற்சிகள் பல நடந்தன. 2011-ல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் சில மாதங்களே ஓடியது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணம் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலோடு மீண்டும் தொடங்கியது. விமானம் நிலையாக அமைந்தது. மதுரையிலிருந்து கொழும்புக்கு 2012-ல் நேரடிச் சேவை வந்தபின், கோம்பையிலிருந்து கிளம்பியவர் அதே நாளில் கொழும்பில் இறங்க முடிகிறது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளும், பெருந்தொற்றும், 2022 பொருளாதார நெருக்கடியும் இலங்கைச் சுற்றுலாவை அடுத்தடுத்து வீழ்த்தின. 2018-ல் 23 லட்சத்தைத் தாண்டிய வெளிநாட்டுப் பயணிகள் எண்ணிக்கை, 2024-ல் மீண்டும் 20 லட்சத்தைக் கடந்தது. அவர்களில் இந்தியரே முதலிடத்தில் உள்ளனர்.

பழைய வழியின் ரயில் துண்டுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பியுள்ளன. இந்திய உதவியோடு மறுபடி போடப்பட்ட தலைமன்னார்ப் பாதையில் 2015 மார்ச் 14 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. அகலப் பாதையாக்கப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்ட போடி பாதையில் 2023 ஜூன் 15 அன்று ரயில் திரும்பியது. பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. போடியில் ரயிலேறி மதுரையில் மாறி இராமேசுவரம் வரை இப்போது செல்லலாம். தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கும் ரயில் உண்டு. இடையிலுள்ள கடலில் பயணிகள் கப்பல் இல்லை.